நடுவில் வைக்க வேண்டிய மீன்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று தொடர்வது முறை. இம்முறை ஆவலைக் காட்டிலும் ஆதங்கம் மிகுந்திருப்பதால் அதனை முதலில் எழுதுகிறேன். நீ பலமுறை தொலைபேசியில் அழைத்தாய். நான் எடுக்கவில்லை. பேச்சில் சொல் தடுமாறும், எழுத்தில் தடுமாறாது.

நேற்று அந்தத் தாய்லாந்து உணவகத்திற்கு மறுபடியும் சென்றேன். உன் தம்பிக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டாரோடு சென்ற மாதம் நாம் உண்டோமே, அதே உணவகம். அன்று மடியில் விரிக்கத் தந்த துணியின் கஞ்சி மொடமொடப்பைத் தொட்டுப் பார்த்தபோதே, இவற்றை வெளுப்பவர் யார் என்றொரு தொழில் எண்ணம் எனக்குள் எழுந்தது. நம் சலவைக் கடைக்கு அந்தத் துணிகளைக் கேட்கலாமே என்று, வெளுத்த மாதிரித் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மேலாளர் வரும்வரை வாசலருகே நிற்கச் சொன்னார்கள்.

எதிர் மேசையில் ஒரு குடும்பம். தாய், தந்தை, இரு பிள்ளைகள். நான் அன்று உண்ட அதே மீன் வந்தது. அதே மீன் வடிவத் தட்டு, அடியில் அதே சிறு சுடர், மேலே எலுமிச்சை வில்லைகள். பரிமாறும் பெண் அதனை மேசையின் நடுவில் வைத்தாள். நால்வரும் நான்கு பக்கமிருந்தும் கரண்டி நீட்டி எடுத்தார்கள். அருகிலிருந்த மேசையைப் பார்த்தேன். அங்கும் நடுவில்தான். சுவரில் ஒட்டியிருந்த படத்தில், மீனுக்குக் கீழே, 'நால்வர் பகிர்ந்து உண்ண' என்று அச்சிட்டிருந்தது. எழுத்து எதுவாயினும் விடாமல் படிக்கும் நான் அன்று அதைப் படிக்கவில்லை.

மேலாளர் வருமுன் வெளியேறிவிட்டேன்.

இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. அன்று அந்தத் தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டிப் போட்டு மறுபக்கமும் உண்டேன். பெண்ணின் தாயார் இடையில் ஒருமுறை தம் கரண்டியை நீட்டினார். அவர் மிளகாய்க் கிண்ணத்தை நாடுகிறார் என எண்ணி, அதை எடுத்து அவர் கையருகே வைத்தேன். அவர் நன்றி என்றார். நன்றி என்றார், மகளே. எழுந்தபோது மேசை விரிப்பைப் பார்த்தேன். கறை காண்பது என் தொழில். என் முன்னால் மட்டும் எலுமிச்சைச் சாற்றின் கறை. நடுவிடம் தும்பை போல் வெளுப்பு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நீ எனக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தாய். உனக்கு இந்த முறை தெரியும். உன் கணவரோடு இத்தகைய இடங்களுக்குப் போய்ப் பழகியவள் நீ. ஒரு சொல், ஒரு கண்ணசைவு உன்னிடமிருந்து வரவில்லை. ஏன்?

வரும் ஞாயிறு அவர்கள் நம்மை வேறோர் உணவகத்திற்கு அழைத்திருக்கிறார்கள். சாதாரணமான இடம்தானாம், ஆர்ப்பாட்டம் இல்லாமல் பேசி நாள் குறிக்கலாமாம். எனக்கு உடல்நலம் குன்றியிருப்பதாகத் தெரிவித்துவிட்டேன். குன்றியிருப்பது உடல் அன்று. அதை உனக்கு மட்டும் தெரிவிக்கிறேன். உன் தம்பிக்கும் சொல்லாதே.

இங்ஙனம்,
உன் அம்மா

•

மார்ச் 9

அம்மா,

உன் கடிதம் வந்தது. கடையில் நீ எழுதி மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை மாதிரியே இருந்தது. 'பொத்தான் உதிர்ந்தால் நிர்வாகம் பொறுப்பேற்காது.' நிர்வாகம் என்றால் நீயும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்தான் என்பது எனக்குத் தெரியும் என்பதால் பயமில்லாமல் பதில் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். ஒன்று எழுந்தாலும் கடிதம் நின்றுவிடும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அன்று வேனில் ஏறியதும் நீ என்ன சொன்னாய்? "அங்க வந்து என் காதுல எதுவும் ஓதக் கூடாது. கரண்டியை இப்படிப் பிடி, அப்படிப் பிடின்னு நாலு பேர் முன்னாடி எனக்குப் பாடம் எடுக்காதே. எனக்கு எல்லாம் தெரியும்." தம்பி சிரித்தான். அவனுக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் எப்போது வெளியில் சாப்பிடப் போனாலும் ஆளுக்கொரு தட்டு. அவரவர் கேட்டதை அவரவர் தின்று முடிக்க வேண்டும். அடுத்தவர் தட்டில் கை போகக் கூடாது, போனால் பிச்சை கேட்கிற மாதிரி என்பாய். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன ஓட்டலில் உன் தட்டிலிருந்து ஒரு வறுவல் துண்டை எடுக்கப் போய், கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் வாங்கினேன். மற்ற மேசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி வளர்ந்த நானும் தம்பியும் உன் முன்னால் இருக்கும் மீனில் கரண்டி போடுவோமா? நாங்களே எடுக்காதபோது அவர்கள் எப்படி எடுப்பார்கள்?

இவ்வளவும் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை.

வாசலில் நான் பெண்ணின் அம்மாவிடம், "ஸாரி ஆன்ட்டி, கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றேன். நீ எல்லார் முன்னாலும், "தாமதத்திற்கு வருந்துகிறோம்னு சொல்லிப் பழகணும்" என்றாய். இரண்டு பிள்ளை பெற்றவளிடம். அவர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, அந்த டிரைவிங் ஸ்கூல்காரர், "அம்மா டீச்சரா இருந்தீங்களா? பேச்சே தனியா இருக்கே" என்று கேட்டார். நீ இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் குடித்தாய். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தாய்.

அதனால் மீன் வந்து நீ அதை இழுத்தபோது, 'நடுவுல வைம்மா' என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எல்லாம் தெரியும் என்றாயே, தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு கணம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணமே அந்த அம்மா கரண்டியை நீட்டினார், நீ மிளகாயைக் கொடுத்தாய். அப்புறம் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கரண்டிதான் கண்ணில் நின்றது. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன். அதற்கு மேல் என்னைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை போகாமல் விட்டது தப்பு. உனக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்று தம்பி சொல்கிறான். போய் நில் அம்மா. மீனைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒன்று எழுந்துவிட்டது. நிறுத்துகிறேன்.

உன் மகள்

•

மார்ச் 15

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். முதன்முறை உன் சொற்பிழைகளை மட்டும் பார்த்தேன். அதனால்தான் இரண்டாம் முறை படிக்க நேர்ந்தது.

நீ மகிழ்ந்ததாக எழுதியிருக்கும் அந்த ஒரு கணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அதற்கு இடம் கொடுத்தவள் நான் என்பதை மறுக்க இயலாதவளாய் இருக்கிறேன்.

தண்ணீர் குடித்ததும் உண்மையே. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், இஸ்திரி போட்ட துணிகளைச் சுற்ற வாங்கிய பழைய நாளிதழ்களைப் படித்து மொழி கற்றவள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அதில் இழிவென்ன? நம் கடைக்கு வரும் எவரிடமும் நிமிர்ந்து நின்று சொல்பவள்தானே நான். அந்த மேசையில் மட்டும் வாய் வரவில்லை. அவர் 'டீச்சரா' என்று கேட்ட குரலில் ஒரு மரியாதை இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

நேரில் செல்வது எனக்கு இயலாது. ஆகவே எழுத்து மூலம் தெரிவிக்க எண்ணி ஒரு மடல் வரைந்துள்ளேன். உன் கருத்துக்காக அதன் தொடக்கம்:

'மதிப்பிற்குரிய பெண் வீட்டாருக்கு, கடந்த சந்திப்பின்போது உணவுப் பகிர்வு நெறிமுறை தொடர்பாக எம் தரப்பில் தற்செயலாக நேர்ந்த கவனக்குறைவினைத் தாங்கள் பெருந்தன்மையுடன் பொருட்படுத்தாதிருக்குமாறு கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்…'

இன்னும் அஞ்சலில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாம் என்று தோன்றுமளவு ஒன்று நேற்று நடந்துவிட்டது.

அந்தப் பெண் கடைக்கு வந்தாள். மருந்தகத்தில் அணியும் தன் வெள்ளை மேலங்கியைக் கொண்டுவந்திருந்தாள். பையருகே ஏதோ களிம்புக் கறை. அவள் வீட்டருகே வேறு சலவைக் கடைகள் இல்லாமலில்லை. இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறாள். அங்கியை மேசைமேல் வைத்துவிட்டு, கறையைக் காட்டாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, உங்களுக்கு எங்களைப் பிடிக்கலையா? எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

என்னிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். பட்டுத்துணிக்கு ஒன்று, பருத்திக்கு ஒன்று என்று அடுக்கி வைத்தாற்போல் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"புதன்கிழமை தயாராகும்," என்றேன்.

அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். "சரிங்க," என்றாள். அத்தை என்னும் சொல் அதில் இல்லை.

கறையை இயந்திரத்தில் போடவில்லை. கையால் நீக்கினேன். சுத்தமாகப் போய்விட்டது. அதனால் யாருக்கு என்ன பயன்?

இங்ஙனம்,
உன் அம்மா

•

மார்ச் 20

அம்மா,

அந்த மடலை அனுப்பாதே. அதில் மீன் என்கிற வார்த்தையே இல்லை. படித்தால் ஏதோ வழக்கறிஞர் நோட்டீஸ் வந்துவிட்டது என்று அவர்கள் நடுங்கிப் போவார்கள்.

நேற்று தம்பி பேசினான். "அக்கா, அம்மாவுக்குப் பொண்ணைப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லச் சொல்லு. இப்படி உடம்பு சரியில்லைன்னு கடையில நின்னு துணி மடிச்சிட்டு இருந்தா, நான் அங்க போய் என்னத்தைச் சொல்றது?" என்றான். குரல் உடைந்துபோய் இருந்தது. பெண்ணின் அப்பா இந்த வாரக் கடைசி வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் நம் பக்கமிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால், இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் அங்கியை வாங்க இன்னும் வரவில்லையாமே. வரவே மாட்டாள் அம்மா. நான் அவளாக இருந்தால் ஒரு புது அங்கி தைத்துக்கொள்வேன்.

நீ சொல்லாதே என்றதால் தம்பியிடம் காரணத்தை நான் சொல்லவில்லை. என் பிள்ளையின் கல்யாணம் என்னால் இப்படி நின்றிருந்தால் என்னை நீ சும்மா விடுவாயா?

ஒரே ஒரு வாக்கியம் போதும். நானே எழுதித் தருகிறேன், மனப்பாடம் பண்ணிக்கொள்: 'அது எல்லாருக்கும்னு எனக்குத் தெரியலை.' இலக்கணம் பார்க்காதே. திருத்தாதே. இப்படியே சொல்.

நான் வந்து உன் பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சென்ற முறை உட்கார்ந்து கிழித்தது போதும்.

அன்று சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். 'தாமதத்திற்கு வருந்துகிறேன்.' சரியாகச் சொன்னேனா?

உன் மகள்

•

மார்ச் 28

அன்பு மகளுக்கு,

சரியாகவே சொன்னாய்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்த அன்றே அவர்களை நானே அழைத்தேன். அதே தாய்லாந்து உணவகத்திற்கு வரும்படி கேட்டுக்கொண்டேன். வேறிடம் என்றால் எனக்குத் துணிவு வந்திராது; அவமானப்பட்ட இடத்திலேயே அதைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. அங்கியை நானே கொண்டுபோனேன். அந்தப் பெண் அதை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தன் அம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள். உன் தம்பி உணவுப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான்; அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

எல்லாருக்குமாகச் சேர்த்து நானே கேட்டேன். தேங்காய்ப்பால் குழம்பு, புளிப்புச் சூப்பு, நூடுல்ஸ், அப்புறம் அந்த மீன். நடுவில் வைக்கும்படி பரிமாறும் பெண்ணிடம் தனியே சொல்லியிருந்தேன். மீன் வந்ததும் நீ எழுதித் தந்த வாக்கியத்தைச் சொல்வது என் திட்டம். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடி இருந்தேன்.

மீன் வந்தது. அது மேசையைத் தொடுவதற்குள் பெண்ணின் தாயார் எழுந்து, பரிமாறுபவள் கையிலிருந்து தாமே தட்டை வாங்கி, என் முன்னால் வைத்தார். சுடரை வேறு எனக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"பாவம், அந்தப் பொண்ணு புதுசு போலிருக்கு, நடுவுல வைக்கப் பார்க்குது. எங்களுக்கு இப்ப முறை தெரியும்ங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்ணின் தந்தை விளக்கினார். அவர் எப்போதும் போல் வலக்காலால் மேசைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதித்தபடி பேசினார்.

"உங்களோட வந்ததுதாங்க எங்களுக்கு இந்த மாதிரி இடத்துல முதல் தடவை. என்ன பண்றது, எப்படிச் சாப்பிடறதுன்னு ஒண்ணும் தெரியாது. நல்லவேளை, நீங்க விஷயம் தெரிஞ்சவங்க. நீங்க என்ன பண்றீங்களோ அதையே பார்த்துக்கிட்டோம். இருக்கிறதுலயே பெரியவங்களுக்குத்தான் முழு மீனும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அதுக்கப்புறம் இவரோட அண்ணன் பிறந்தநாளுக்கு இங்கதான் கூட்டிட்டு வந்தோம்," என்றார் அந்த அம்மா பெருமையாக. "முழு மீனையும் அவர் முன்னாடி வெச்சிட்டோம். எங்க ஓரகத்தி கரண்டியை நீட்டினாங்க. நான் கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். இதெல்லாம் ஒரு முறைங்க, படிச்சவங்க வீட்டுல அப்படித்தான் சாப்பிடறாங்கன்னு சொன்னேன்."

"அண்ணனுக்கு மீனே ஒத்துக்காது," என்றார் தந்தை. "ஆனா மரியாதை குடுக்கறாங்களேன்னு முள்ளு வரைக்கும் சாப்பிட்டுட்டார். அப்புறம் ரெண்டு நாள் பாத்ரூமும் கையுமா இருந்தார். சரி, அது வேற விஷயம்."

மகளே, ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அன்றும் சிரிக்கவில்லை. என்னை நம்பியிருக்கிறார்கள். நான் குடித்த தண்ணீரை நம்பியிருக்கிறார்கள். முன்பின் பார்த்திராத ஒரு பெரிய மனிதர் என் பொருட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். தாம் ஒரு முறையைக் கற்றுக்கொண்டதாக எண்ணி, தம் சொந்த ஓரகத்தியின் கையை இந்த அம்மா தடுத்திருக்கிறார். இத்தனை நாள் நான் வெட்கம் என்று எண்ணி அறைக்குள் வைத்திருந்தது எதுவும் வெட்கமே அன்று. அது இப்போதுதான் வந்தது. கழுத்தில் தொடங்கிக் காதுவரை ஏறியது.

நான் இப்போது சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. திருமணம் நடக்கும். ஆயுள் முழுக்க மீன் என் முன்னால் வரும். அந்த எண்ணமும் எனக்கு வந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

உன் வாக்கியத்தைச் சொன்னேன். திருத்தவில்லை.

"அது எல்லாருக்கும்னு எனக்குத் தெரியலை."

இன்னும் புரியவில்லை அவர்களுக்கு. ஆகவே மீதியையும் சொன்னேன். "நானும் இங்க முதல் தடவைதான். டீச்சர் இல்லை. அஞ்சாவதுதான் படிச்சேன். மீன் நடுவுல வைக்கணும். அன்னிக்கு அதை இழுத்து வெச்சு நான் ஒருத்தியே தின்னுட்டேன். அந்த வெக்கத்துலதான் அடுத்த தடவை வரலை. உங்க பொண்ணுமேல எனக்கு ஒரு குறையும் இல்லை."

தந்தையின் கால் பிரேக்கிலேயே நின்றுவிட்டது. அந்தத் தாயார் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அன்னிக்கு நாங்களும் சாப்பிட்டிருக்கலாமா?"

"சாப்பிட்டிருக்கலாம்."

"அடக் கடவுளே. எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சுங்க. அந்த எலுமிச்சை வாசம் மூக்கைத் துளைச்சுது. கரண்டியைக்கூட நீட்டினேன்."

"தெரியும்," என்றேன். "மிளகாய் குடுத்தேன்."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். அங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் தாயார். "அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்று தந்தை கேட்டதும் எல்லாரும். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தட்டைப் பிடித்து மேசையின் நடுவுக்குத் தள்ளினேன். "எடுங்க," என்றேன். எல்லார் கரண்டியும் வந்தது. உன் தம்பியும் கை நீட்டினான். அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல துண்டாக எடுத்துப் போடலாமென்று நான் அப்போதுதான் என் கரண்டியை உயர்த்தினேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

வெடுக்கென்று இழுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். முப்பது வயது ஆண்மகன். இழுத்த பிறகுதான், தான் இழுத்தது அவனுக்கே தெரிந்தது. சிரித்து மழுப்பப் பார்த்தான். மேசையில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண் அடியில் கைவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து, மேலே கொண்டுவந்து, மீனருகே வைத்தாள். என்னைப் பார்த்து, "அத்தை, அவருக்கும் ஒரு துண்டு போடுங்க," என்றாள்.

போட்டேன். போடும்போது விரிப்பின் நடுவில் சாறு சிந்திவிட்டது. எலுமிச்சைக் கறை உடனே நனைத்தால் போய்விடும். நான் நனைக்கவில்லை.

நாள் அடுத்த மாதத்திற்குக் குறித்திருக்கிறோம். மற்ற விவரங்களை உன் தம்பி சொல்வான். நான் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மேசையில் நீ இருந்திருந்தால், நான் கரண்டியை உயர்த்தியபோது, நீயும் கையை இழுத்திருப்பாயா?

இதற்கு மட்டும் பதில் எழுது. நீட்டி முழக்க வேண்டாம். அது என் பழக்கம்.

உன் அம்மா

•

ஏப்ரல் 2

அம்மா,

இழுத்திருப்பேன்.

சனிக்கிழமை பிள்ளைகளோடு வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தச் சின்ன ஓட்டல் இப்போதும் இருக்கிறதா என்று பார்த்து வை. இருந்தால், நமக்கு ஒரே ஒரு தட்டு வறுவல் போதும்.

உன் மகள்